தேதித் தாளில் வந்த கழிப்பறை

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். படித்ததில் பாதி அடுப்புப் புகையோடு போய்விட்டது, மீதி மறதியில் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வரியைத் தொடங்கினால் முடிப்பதற்குள் அடுக்களையில் பால் பொங்கிவிடுகிறது. திரும்பி வந்து பார்த்தால் அந்த வரி எங்கே போகக் கிளம்பியது என்று எனக்கே தெரிவதில்லை. ஆனாலும் எங்கள் மேயரைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். சாலை போட்டார், தண்ணீர்த் தொட்டி கட்டினார் என்று சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் இருக்கிற பெண்கள் கழிப்பறையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அது எப்படி வந்தது என்று முழுதாகத் தெரிந்தவள் நான்தான். அதனால் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

மேயர் எனக்குக் கொழுந்தன், என் வீட்டுக்காரருடைய தம்பி; நான் அவருக்கு மதினி. எங்கள் ஊர் சிவகாசிக்குப் பக்கம். சுற்றியிருந்த பஞ்சாயத்துகளை எல்லாம் சேர்த்துக்கொண்டு ஊர் பெருத்துப்போனதும், சேர்மனாக இருந்த கொழுந்தன் மேயர் ஆனார். ஊருக்கு அவர் அண்ணாச்சி. காலண்டர் அடிக்கிற அச்சாபீஸ் வைத்திருந்தார். மேயர் ஆனபிறகு அதை அவர் மனைவி பார்த்துக்கொள்கிறாள். அவள் என் ஓரகத்தி, என்னை அக்கா என்பாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கொழுந்தன் சாதாரணமாகப் பேசினாலே மைக்கில் பேசுவதுபோல இருக்கும். மாநகராட்சியில் என்ன நடக்கப்போகிறது என்று கவுன்சிலர்களுக்குத் தெரியுமுன் என் அடுக்களைக்குத் தெரிந்துவிடும்.

சாப்பாடு இரண்டு வீட்டுக்கும் சேர்ந்துதான். உட்கார்ந்தால் முதலில் முன்னுரிமையைத்தான் சொல்வார்.

"மதினி, என்னோட முன்னுரிமை மூணு. ஒண்ணு குடிதண்ணி, ரெண்டு சாக்கடை, மூணு குப்பை."

"சோத்துல கைய வச்சுக்கிட்டு சாக்கடையச் சொல்லாதீகன்னு எத்தன தடவ சொல்றது?" என்று ஓரகத்தி கரண்டியோடு வருவாள்.

"சரி, அத மூணாவதா வச்சுக்கிடுவோம்."

அன்றிலிருந்து எங்கள் ஊரில் குப்பை இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டது. ஒரு மாநகராட்சியின் திட்டம் இப்படியெல்லாம் மாறும் என்று நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

வேலை முடிகிறதோ இல்லையோ, தொடங்கும்போது சரவெடி உண்டு. தெருவிளக்குக்கு பல்பு மாற்றினாலும் அவருடைய சிநேகிதர்களின் பட்டாசுக் கம்பெனியிலிருந்து ஒரு சரம் வந்து இறங்கிவிடும். அவர் காரைக் கண்டாலே தெருநாய்கள் அடுத்த வார்டுக்கு ஓடிவிடும். "நாய்த்தொல்லை ஒழிக்கப்பட்டது" என்று அதையும் ஒரு சாதனையாகச் சொல்லிக்கொள்வார். அடுத்த வார்டுக்கு அவர் போனால் நாய்கள் திரும்பி எங்களிடமே வந்துவிடும் என்பது வேறு.

என் கஷ்டம் ஒன்றே ஒன்று. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்குப் போவது என் வழக்கம். எங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று சாத்தூர் பஸ் பிடிக்க வேண்டும். அன்றைக்குக் கூட்டம் சொல்லி முடியாது. பஸ் எப்போது வரும், வந்தால் ஏற முடியுமா என்பதெல்லாம் அம்மன் செயல். அந்த பஸ் ஸ்டாண்டில் ஆண்களுக்குக் கழிப்பறை இருந்தது; அது இல்லாவிட்டாலும் அவர்களுக்கு ஊரில் சுவருக்குப் பஞ்சமில்லை. பெண்களுக்கு ஒன்றும் கிடையாது. அதனால் முதல்நாள் சாயங்காலத்திலிருந்தே நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். கோயில் போய்ச் சேரும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அம்மனிடம் என்ன கேட்க வந்தோம் என்பதே மறந்துபோய் "தாயே, தண்ணி" என்றுதான் வரும். நான் வருஷத்துக்கு ஒருநாள் போகிறவள். அச்சாபீசுக்கும் பட்டாசு வேலைக்கும் போகிற பெண்கள் தினமும் அப்படித்தான் வாய் காய்ந்து நிற்கிறார்கள்.

கொழுந்தனிடம் சொல்லலாமே என்பீர்கள். எப்படிச் சொல்வது? ஒரு கொழுந்தனைப் பார்த்து மதினி கேட்கிற காரியமா அது? அவரோ வாரம் ஒருமுறை கேட்பார்: "மதினிக்கு ஊருல என்ன வேணும்? கூச்சப்படாமச் சொல்லுங்க." நான் "ஒண்ணும் வேண்டாம்" என்று ரசத்தை ஊற்றுவேன்.

ஒருதரம் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, "பஸ் ஸ்டாண்டுல பொம்பளைகளுக்குக் கொஞ்சம் வசதிக் குறைவா இருக்கு" என்றேன். "அப்படியா மதினி!" என்று நெற்றியைச் சுருக்கினார். அடுத்த மாதம் அங்கே ஆள் உயரக் கண்ணாடி ஒன்று வந்தது. பூ வைத்துப் பார்த்துக்கொள்வதற்காம். அதற்கும் சரவெடி. நான் விடவில்லை. "கண்ணாடி நல்லாருக்கு. ஆனா ரொம்ப நேரம் நிக்க முடியல" என்றேன். பெஞ்சு வந்தது. அதற்குமேல் விளக்கமாகச் சொல்ல என் வாய் என்னிடம் இல்லை. உட்கார்ந்து தாகத்தோடு கண்ணாடி பார்த்தோம்.

எங்கள் பக்கத்துக் காலண்டர் தொழிலில் ஆடிப்பெருக்கு அன்றைக்கே அடுத்த வருஷத்து மாதிரிகள் வெளியே வந்துவிடும். இங்கே நாங்கள் எப்போதும் அடுத்த வருஷத்தில்தான் இருப்போம். அந்த ஆடியில் கொழுந்தனுக்கு ஒரு யோசனை உதித்தது. ஊரில் எல்லா வீட்டுக்கும் தினசரிக் காலண்டர் கொடுப்பது, ஒவ்வொரு தேதித் தாளிலும் மேயரின் சாதனை ஒன்று போடுவது.

ஓரகத்தி கையிலிருந்த அப்பளத்தை அப்படியே வைத்துவிட்டாள். "வருசம் முழுக்கவா? அம்புட்டுச் சாதனைக்கு எங்க போறது?"

"செஞ்சது கொஞ்சம் இருக்கு. மீதிய அடுத்த வருசம் செஞ்சிருவோம்ல. தேதி வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சிரும். அப்புறம் அது சாதனைதான?"

"தேதி வந்து வேலை வரலைன்னா?"

"வரும். காலண்டர்ல போட்டாச்சுன்னா வந்துதான ஆகணும்? தீபாவளி வரல? பொங்கல் வரல?"

அவள் அப்பளத்தைத் திரும்ப எடுத்துக் கடித்தாள். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

உண்மையாக முடிந்த சாதனைகளை எழுதிப் பார்த்தார்கள். பொங்கலுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. கண்ணாடியையும் பெஞ்சையும் தனித்தனியாகப் போட்டும் அவ்வளவுதான். மீதி வருஷத்தை வீட்டு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். "ஆடி மாசத்துத் தாளுக எல்லாம் மதினிக்கு. அவுகதான் சாமி கும்பிடுறவுக, ஆடிக்குப் பொருத்தமா எழுதுவாக." ஓரகத்திக்குச் சித்திரையும் வைகாசியும். மற்ற மாதங்கள் அச்சாபீஸ் ஆட்களுக்கு.

நான் தாளை எடுத்துக்கொண்டு என் அடுக்களைக்குள் போய் உட்கார்ந்தேன். வாயால் சொல்ல முடியாதது கைக்கு வருகிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். சாக்கடை அடைப்பு எடுக்கப்பட்டது, கோயில் தெருவில் விளக்கு எரிந்தது என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். ஆடி கடைசி வெள்ளி வந்தது. சுற்றிப் பார்த்தேன். யாருமில்லை. "பஸ் ஸ்டாண்டில் பெண்களுக்குக் கழிப்பறை திறக்கப்பட்டது. தண்ணீர் வரும். தாழ்ப்பாள் விழும்" என்று எழுதிவிட்டு, முகம் சுட்டதால் எழுந்துபோய்க் கழுவிக்கொண்டு வந்தேன்.

அச்சடித்து வந்தபோது அந்தத் தாளில் இராகு காலத்துக்கும் ராசிபலனுக்கும் நடுவே என் வரி உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு என் கடக ராசிக்கு "நிம்மதி" என்று போட்டிருந்தது. நான் எழுதியதற்கு அம்மனே கையெழுத்துப் போட்டதுபோல இருந்தது.

தை பிறந்ததும் கூத்து ஆரம்பமானது. எங்கள் பக்கம் தேதித் தாளில் போட்டதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கல்யாணத்துக்கும், பால் காய்ச்சவும், கடை திறக்கவும் அதைப் பார்த்துத்தான் கிளம்புவோம். நல்ல நேரம் என்றால் நல்ல நேரம், குப்பை வண்டி என்றால் குப்பை வண்டி. விடிந்ததும் தாளைக் கிழித்து, கையில் பிடித்துக்கொண்டே கொழுந்தன் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு எங்க தெருவுக்குத் தார் ரோடுன்னு போட்டிருக்கு. எத்தன மணிக்கு வருது? ஒன்பது மணிக்கு மேல எமகண்டம், அதுக்கு முன்னாடி வரச் சொல்லுங்க."

பாவம், மனுஷன் ஓடினார். முன்னெல்லாம் கார் ஏறிப் போய்க் கைகாட்டுவார். இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாய்ப் பள்ளத்துக்குள் நின்றார். சிரிப்பாக இருந்தாலும் ஊருக்கு நல்லதாகத்தான் முடிந்தது. தார் வந்தது, குழாய் வந்தது. சில நாள் ராத்திரி வரைக்கும் இழுத்து, தேதி மாறுவதற்குள் வந்து சேரும்.

சித்திரை, வைகாசிதான் அவருக்குச் சிரமம். ஓரகத்திக்கு எழுத ஒன்றும் தோன்றாமல் போய், "இன்று மேயர் மதியச் சாப்பாட்டை நேரத்துக்கு வீட்டில் சாப்பிட்டார்", "இன்று மேயர் யாரையும் சத்தம் போடவில்லை" என்றெல்லாம் எழுதி வைத்திருந்தாள். ஊரே சேர்ந்து அதையும் நடத்தி வைத்தது. மத்தியானம் கமிஷனர் ஆபீசில் கூட்டம் என்றால், ஒரு கவுன்சிலர் எழுந்து, "அண்ணாச்சி, தாளப் பாத்தீகளா? வீட்டுக்குக் கிளம்புங்க" என்பார். சத்தம் போடாத தேதியன்று அவர் தெருவில் நடந்தபோது டீக்கடைக்காரர் வேண்டுமென்றே அவர் வேட்டியில் டீயைச் சிந்திவிட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். "பரவால்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வந்து, எங்கள் நடுச்சுவரில் தலையை முட்டிக்கொண்டார். எனக்குக் கேட்டது.

ஆடி வந்தது. யாரும் பார்க்காதபோது அந்தத் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கடைசி வெள்ளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சாப்பிட உட்கார்ந்த கொழுந்தன் வரப்போகிற தாள்களைப் புரட்டினார். ஒரு தாளில் நின்றுவிட்டார். நான் ரசத்தைப் பார்த்தேன். ரசத்தில் ஒன்றும் இல்லை, ஆனாலும் பார்த்தேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஓரகத்தியைப் பார்த்தார்.

"இத்தன வருசமா அந்த பஸ் ஸ்டாண்டுல பொம்பளைக எங்கன போனீக?" என்றார். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை.

"எங்கயும் போகல," என்றாள் ஓரகத்தி. "அதுக்குத்தான் கண்ணாடி வச்சீகள்ல? பாத்துக்கிட்டு நின்னோம்."

அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து, "கட்டிருவோம்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரத்தில் கட்டித் தருகிற கொத்தனார் யார் என்று விசாரித்து ஒருவரைப் பிடித்தார்கள். நல்ல வேலைக்காரர். வாழ்நாள் முழுக்கப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு வெடிமருந்து அடைக்கிற அறைகள் கட்டியவர். அது ஒன்றைத் தவிர வேறு எதுவும் கட்டியதில்லை. இதை யாரும் அப்போது யோசிக்கவில்லை. மற்ற தாள்களின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த கொழுந்தனுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க நேரமில்லை. தகரத்தால் மறைத்து வைத்துக் கட்டினார்கள்.

ஆடி கடைசி வெள்ளி விடிந்தது. தாளைக் கிழித்தேன். என் வரி இருந்தது. "நிம்மதி" இருந்தது. தேதித் தாளை நம்பி, எத்தனையோ வருஷங்களில் முதன்முறையாக, பஸ்ஸுக்குக் கிளம்புமுன் செம்பு நிறையத் தண்ணீர் குடித்தேன். போதாதென்று மோரும் குடித்தேன். ஓரகத்தி வீட்டில் காப்பி கொடுத்தார்கள். அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. குடிக்கக் குடிக்க ஒரு சுதந்திரமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக ஒரே கூட்டம். சரவெடியை நுழைவாசலிலிருந்து கடைசிக் கடை வரைக்கும் பாம்புபோலப் போட்டிருந்தார்கள். கொழுந்தன் மைக்கைப் பிடித்து, குடிதண்ணீரில் ஆரம்பித்தார். எனக்கோ பேச்சு நீள நீள, குடித்த தண்ணீர் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. மோரும் சேர்ந்துகொண்டது. கால் மாற்றி நின்றேன். ஒருவழியாகத் தகரத்தை எடுத்தார்கள்.

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

மற்ற கட்டடங்களிலிருந்து எல்லாம் தள்ளி, மைதானத்துக்கு நட்டநடுவில், வெள்ளை அடித்த ஒரு சதுர அறை. கிழக்கே ஒரு கதவு, மேற்கே ஒரு கதவு, வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. நாலும் வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. வாசலில் சிவப்பு வாளியில் மணல், பக்கத்தில் இன்னொரு வாளியில் தண்ணீர். சுவரில் நல்ல எழுத்தில், "உள்ளே நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. செல்போன் கொண்டு வராதீர்."

"கொத்தனாரே," என்று கொழுந்தன் மைக்கிலேயே கூப்பிட்டார். அணைக்க மறந்துவிட்டார். "என்னய்யா இது நாலு பக்கமும் கதவு?"

"விதிப்படி கட்டியிருக்கேன் அண்ணாச்சி. உள்ள ஏதாவது ஆச்சுன்னா எந்தப் பக்கமும் ஓடலாம்ல?"

"உள்ள என்னய்யா ஆகும்?"

பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சிரிப்பு எழுந்தது. கண்டக்டர்கள் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார்கள்.

"தாழ்ப்பாள் எங்க? தாள்ல தாழ்ப்பாள் விழும்னு போட்டிருக்கே?"

"உள்தாழ்ப்பாளா? நல்லாருக்கே! உள்தாழ்ப்பாள் போட்டா லைசென்ஸ் போயிரும் அண்ணாச்சி. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

"இதுக்கு எதுக்குய்யா லைசென்ஸ்?"

கூட்டத்தில் ஒருத்தி, "நாலு வாசல் வச்சுட்டீக அண்ணாச்சி, கோபுரத்தையும் கட்டிருங்க, கும்பிட்டுட்டுப் போறோம்" என்றாள். இன்னொருத்தி, "நாலு பேருக்கு மேல கூடாதாம். அப்ப நாம மூணு பேரு போவமாடி?" என்றாள். கொழுந்தன் முகம் வேர்த்து வழிந்தது. தை பிறந்ததிலிருந்து ஒரு தேதிகூடத் தவறாமல் ஓடிய மனுஷன், இந்த ஒரு தாளில் விழப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கோ அவருக்காக வருத்தப்பட நேரமில்லை. என் நிலைமை அவரைவிட அவசரம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஒரு இடத்தில்தான் வரவேண்டியதில்லை.

ஓரகத்தி என் முகத்தைப் பார்த்தாள். பெண்களுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. விறுவிறுவென்று போய்க் கிழக்குக் கதவில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்றாள். "ஏட்டி, பாத்துக்கிட்டு நிக்கீக? ஆளுக்கு ஒரு கதவு!" என்று தன் அச்சாபீஸ் பெண்களை அதட்டினாள். மூன்று பேர் ஓடிவந்து மற்ற கதவுகளில் சாய்ந்துகொண்டார்கள். மனுஷத் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது.

கொழுந்தனுக்கு உயிர் வந்தது. "இப்போது எங்கள் மதினி அவர்கள் முதலாவதாக..." என்று மைக்கில் ஆரம்பித்தார். பூமி பிளந்து என்னை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று நினைத்தேன். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. எல்லோருக்கும் முன்னால் நடந்து போய், நான் எங்கே போகிறேன் என்று எல்லோருக்கும் தெரிய, அதற்குள் போவதா? வேறு நாளாக இருந்தால் வீட்டுக்கு ஓடியிருப்பேன். அந்தச் செம்புத் தண்ணீர் என்னை முன்னால் தள்ளியது. தலையைக் குனிந்துகொண்டு போய் நுழைந்துவிட்டேன்.

நான் நுழைந்ததும் எவனோ திரியில் நெருப்பை வைத்துவிட்டான். மைதானமே அதிர்ந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் வெடிக்கு அசைகிறவர்கள் இல்லை. நாலு முதுகும் நாலு கதவில் அப்படியே இருந்தன. வெளியே கொத்தனார், "இப்பப் பாருங்க அண்ணாச்சி, இதுக்குத்தான் சொன்னேன்!" என்று கத்துவது கேட்டது. எத்தனையோ திறப்பு விழாவில் அந்தச் சரவெடியைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதன் அருமை தெரிந்தது. அந்தச் சத்தத்தில் வேறு எந்தச் சத்தமும் யாருக்கும் கேட்காது. குழாயைத் திருகினேன். தண்ணீர் வந்தது.

முடிந்தது. ஆனால் வெளியே போவது எப்படி? கிழக்கே மாலையும் மைக்குமாகக் கொழுந்தன் நிற்கிறார். போனால், "மதினி, எப்படி இருந்தது என்று இரண்டு வார்த்தை" என்று நீட்டிவிடுவார். அப்போதுதான் கொத்தனார் சொன்னது நினைவுக்கு வந்தது. எந்தப் பக்கமும் ஓடலாம். மேற்குக் கதவை மெதுவாகத் தட்டினேன். சாய்ந்திருந்த பெண் ஒரு விரல் அளவு திறந்து எட்டிப் பார்த்தாள்.

"பெரியம்மா, அந்தா சாத்தூர் பஸ். சன்னல் சீட்டு காலியாக் கெடக்கு. எல்லாரும் வேடிக்க பாக்க எறங்கிட்டாக. போங்க, போங்க!"

வெடிப் புகைக்குள் நுழைந்து போய் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இருக்கன்குடிக்கு ஆடி கடைசி வெள்ளியில் உட்கார்ந்துகொண்டு போனது அந்த ஒரு தரம்தான். பஸ் கிளம்பியபோது எட்டிப் பார்த்தேன். புகை கலைந்துகொண்டிருந்தது. கொழுந்தன் கிழக்குக் கதவின் முன்னால் இன்னும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "மதினி, அவசரமில்லை, நிதானமாக வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கோயிலிலிருந்து திரும்புவதற்குள் மூன்று கதவையும் எடுத்துச் சுவர் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். மிஞ்சிய கதவில் கொழுந்தனே பக்கத்தில் நின்று உள்தாழ்ப்பாள் போடவைத்தார். ஒன்று போதாதென்று மேலே ஒன்று, கீழே ஒன்று. பெண்கள் இப்போது வரிசையில் நின்று போய் வருகிறார்கள். மணல் வாளியைக் கொத்தனார் எடுக்கவிடவில்லை. அது இன்னும் இருக்கிறது. அந்த வரியை எழுதியது யார் என்று கொழுந்தன் இன்றுவரை என்னிடம் கேட்டதில்லை. ஆனால் இப்போதெல்லாம் "மதினிக்கு என்ன வேணும்?" என்று வாயால் கேட்பதில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து அடுக்களை வாசலில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறார்.

இதில் ஒரு விஷயம் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. நான் வெளியே ஓடிய கதவு மேற்கா, வடக்கா? மேற்கு என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் சாத்தூர் பஸ் வடக்கே அல்லவா நிற்கும்? இப்போது போய்ப் பார்த்தால் எல்லாம் சுவராக இருக்கிறது. என் ராசிக்கு அன்றைக்கு "நிம்மதி"தானா, நானாகச் சேர்த்துக்கொண்டேனா என்றும் தெரியவில்லை. அந்தத் தாளை எங்கேயோ பத்திரமாக வைத்தேன், அதனால் கிடைக்கவில்லை. அந்தக் காலண்டரைக் கிழிக்காமல் வைத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால், ஆடி கடைசி வெள்ளியைப் புரட்டிப் பார்த்து, அந்தக் கொத்தனாரிடமும் ஒரு வார்த்தை கேட்டு, தப்பாக இருந்தால் திருத்திவிடுங்கள். கொழுந்தனிடம் மட்டும் கேட்க வேண்டாம். மைக்கில் பதில் சொல்வார்.